மூடியைத் திறக்காதே, மக்களே!

"அடுப்புப் பக்கம் நிற்காமல் ஆக்குகிற சாப்பாடும் ஒரு சாப்பாடா?"

இப்படிக் கேட்டவள் வேறு யாருமல்ல, நான்தான். கேட்டது எங்கள் நாகர்கோவிலில் அல்ல. அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரத்தில், என் மகளுடைய அடுக்களையில். கேட்டதற்கு நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

மகளின் பிரசவத்துக்காக 2018 அக்டோபரில் அங்கே போனேன். இரண்டு பெட்டிகளில் ஒன்று நிறையச் சாமான்கள்தான்: சுக்கு, நல்லமிளகு, கருப்பட்டி, பிரசவ மருந்துப் பொடி. கருவாட்டை மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று மகள் போனில் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டாள். ஜன்னல் திறக்க முடியாத ஊரில் அந்த வாசனை ஒரு வாரம் போகாதாம்.

நவம்பரில் பேரன் பிறந்தான். சுகப் பிரசவம்தான்; ஆனால் மகளுக்கு ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. வீட்டுக்கு வரும்போது ஹீமோகுளோபின் 8.9. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் குமட்டல், மலச்சிக்கல். போடாவிட்டால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. நானும் முறைப்படி பூண்டுக் குழம்பு, மருந்துச் சோறு, கருப்பட்டி உருண்டை என்று வேளை தவறாமல் கொடுத்தேன். அவளோ இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதும்மா" என்று தட்டைத் தள்ளிவிடுவாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் வாசல் மணி அடித்தது. கொட்டுகிற பனியில், பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா ஒரு கனத்த பானையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். எழுபத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்து தனியாக இருப்பவர். அந்தப் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சாப்பாடு ஆக்கிக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கமாம். 'ஸ்டூ' என்றார். எனக்கு அது தெரிந்த வார்த்தையாயிற்றே! எங்கள் வீட்டிலும் கிறிஸ்துமஸ் காலையில் ஆப்பத்துக்கு ஸ்டூ உண்டு. தேங்காய்ப்பால் விட்டு, வெள்ளை வெளேரென்று, பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் மிதக்க இருக்கும். ஆவலோடு மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பதோ கருஞ்சிவப்பாக, கூழ் மாதிரி! மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, காரட். மசாலா வாசனை மருந்துக்கும் இல்லை.

என் மகள் அதை இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். மூன்றாவது தடவை பானையை ரொட்டியால் வழித்தாள்.

பெற்றவளுக்கு மனம் குளிர வேண்டுமல்லவா? உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ சுருக்கென்றது. "எப்படி ஆக்கினாங்களாம்?" என்று கேட்டேன். "காலையில் எல்லாத்தையும் இந்தப் பானையில் போட்டு, சுவிட்சைப் போட்டுட்டு வெளியே போயிடுவாங்கம்மா. சாயங்காலம் வந்தா வெந்திருக்கும். ஸ்லோ குக்கர்" என்றாள். அப்போதுதான் முதலில் எழுதின அந்த வசனத்தைப் பேசினேன்.

இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நமக்கு இல்லையே. முறுக்குச் சுட்டு நிறைத்து அனுப்பினேன். மறுநாள் பானை திரும்பி வந்துவிட்டது! தனி ஆளுக்கு இவ்வளவு பெரிது வேண்டாமாம், சின்னது ஒன்று வாங்கிவிட்டாராம். "பிள்ளைக்காரி வீட்டில் இருக்கட்டும்" என்றாராம். நான் அதை அலமாரியின் மேல் தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.

ஜனவரி வந்தது. 2019 ஜனவரி 30-ம் தேதியை அந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி செல்ஷியஸ்! பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மாநிலம் முழுக்கத் தபால் பட்டுவாடாவைக்கூட அன்றைக்கு நிறுத்திவிட்டார்கள். நாங்கள் நாலு பேரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். அன்று மத்தியானம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மகள் அழுதாள். பிப்ரவரி 4-ம் தேதி அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஐம்பது பேராவது வேலை செய்கிற இடங்களில் பிரசவத்துக்கு 12 வாரம் லீவு கொடுக்க வேண்டும் என்று அங்கே 1993-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. மாதா மாதம் வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள் 12 வாரத்துக்கு மேல் எப்படி இழுப்பது?

"நீங்க இருக்கிறவரைக்கும் சரிம்மா. ஏப்ரல்ல நீங்க போயிட்ட பிறகு? ஆறு மணிக்கு இவனைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்து, அதுக்கு மேல நான் என்னத்தை ஆக்குவேன்?" என்றாள்.

எனக்குக் கொடுத்த விசா தவணை ஆறு மாதம். இங்கேயோ இவளுடைய அப்பா ஓட்டல் சாப்பாட்டில் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் என்ன பதில் சொல்வேன்? "கர்த்தர் பார்த்துக்குவார், மக்களே" என்றேன். அதைச் சொன்னபோதே, கர்த்தர் வந்து உலை வைக்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வேலைக்குப் போன முதல் நாள் ராத்திரி அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே ரெண்டு துண்டு ரொட்டியைத் தின்றுவிட்டு, பிள்ளையை எடுத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள். நான் வைத்திருந்த மீன் குழம்பு அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. அந்தப் பானைச் சாப்பாடுதானே உனக்குப் பிடிக்கும்? ஆகட்டும்! மறுநாள் காலை நாற்காலி போட்டு ஏறி, பானையை இறக்கினேன்.

பிரீசரில் ஒன்றரைக் கிலோ இறைச்சி கல்லாக உறைந்து கிடந்தது. எப்படியும் எட்டு மணி நேரம் வேகப்போகிறது, அதில் உருகாதா என்று அப்படியே உள்ளே வைத்தேன். போதாததற்கு, சத்தாக இருக்கட்டுமே என்று ஒரு கிண்ணம் சிவப்பு ராஜ்மாவும் போட்டேன். ஊறவைத்ததுதான், வேகவைக்கவில்லை. தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, 'லோ' என்று எழுதியிருந்த பக்கம் திருகினேன். மணிக்கு நாலு தரம் மூடியைத் திறந்து பார்த்தேன். நம் கை சும்மா இருக்குமா?

சாயங்காலம் வந்தவள் வாசனை பிடித்து, "அம்மா! ஸ்டூவா!" என்று குழந்தை மாதிரி ஓடிவந்தாள். எப்படிச் செய்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் பானையைத் தூக்கி, அத்தனையையும் குப்பைக் கவரில் கொட்டிவிட்டாள்.

கொட்டும்போது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டைக் கொட்டுகிற வீட்டில் நான் வளர்ந்ததில்லை. "உங்க அம்மா உனக்கு விஷமா வைப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். இரண்டு நாள் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாப்பிள்ளைதான் நடுவில் நின்று, "அத்தை, காப்பி போடட்டுமா?", "அத்தை, ஊருக்குப் போன் போட்டுத் தரட்டுமா?" என்று திண்டாடினார், பாவம்.

சனிக்கிழமை மாப்பிள்ளை விஷயத்தைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பாட்டியம்மா தானே ஏப்ரனும் கத்தியுமாக வந்துவிட்டார். என் இங்கிலீஷ் அரைகுறை. அவருக்கோ காது மந்தம். அதனால் எங்களுக்குள் சண்டை வர வழியில்லை! மாப்பிள்ளை நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்.

முதலில் என் தப்பை விளக்கினார். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் மளமளவென்று பெருகுமாம். இந்தப் பானை சூடேறுவதே மெதுவாக. அதில் கல்லாக உறைந்த இறைச்சியை வைத்தால், நடுப்பாகம் மணிக்கணக்கில் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும். பிறகு கொதித்தாலும், சில கிருமிகள் அதற்குள் கக்கிவிட்ட நஞ்சு அழியாது. ஆகவே இறைச்சியை முந்தின நாளே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி, முழுக்க உருகவைத்த பிறகுதான் பானையில் போட வேண்டும். ராஜ்மா விஷயம் இன்னும் மோசம். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில்தான் அது முறியும். இளஞ்சூட்டில் அரைவேக்காடாக வெந்தால் முறியாது. வாந்தியும் பேதியும் நிச்சயம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் அடுப்பிலே கொதிக்கவிட்டுத்தான் இந்தப் பானையில் சேர்க்கலாம்.

பால் கொடுக்கிறவள், ரத்தம் குறைந்தவள், அதை ஒரு கிண்ணம் சாப்பிட்டிருந்தால்? எனக்குக் கை நடுங்கியது. மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பிள்ளையின் சட்டையை மடித்துக்கொண்டே, "விஷம்னு நான் சொல்லலையேம்மா" என்றாள். நாங்கள் சமாதானமானது அவ்வளவுதான்.

பிறகு சமையல். தொடைக்கறி வேண்டாம், தோள் பக்கத்துக் கறிதான் வேண்டும் என்றார் பாட்டியம்மா. நடமாடுகிற மாட்டின் தோளில் வெள்ளை வெள்ளையாகச் சவ்வு ஓடியிருக்கும். அவசரத்துக்கு வேகவைத்தால் அது ரப்பர்தான். ஆனால் 70, 80 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அந்தச் சவ்வு கரைந்து பாகாகிவிடும். குழம்புக்குக் கொழுகொழுப்பு வருவது அதனால்தான். கொழுப்பில்லாத நல்ல கறியை இதில் போட்டால் சக்கையாகிப் போகுமாம். விலை குறைந்த கறிக்கு இந்தப் பானை, விலை கூடினதற்கு வாணலி என்றார். கேட்கவே எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று பவுண்டு, அதாவது ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, கறியை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கினோம். ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் மூன்று ஸ்பூன் மைதாவும் புரட்டி, காய்ந்த எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க வறுத்தார். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துவிடும், சிவக்காது. ருசி முக்கால்வாசி இந்த வறுவலில்தான் இருக்கிறது. சோம்பல் பட்டு விட்டுவிட்டால் ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி இருக்கும். கறியை எடுத்த பிறகு அதே வாணலியில் இரண்டு வெங்காயம், நாலு பல் பூண்டு, இரண்டு ஸ்பூன் தக்காளி விழுது வதக்கி, ஒரு கப் தண்ணீர் விட்டு, அடியில் பிடித்ததையெல்லாம் சுரண்டி எடுத்தார். சுரண்டினாரே, அதைப் பார்த்ததும்தான் இந்த அம்மாவுக்குச் சமைக்கத் தெரியும் என்று நான் ஒப்புக்கொண்டேன்.

பானையில் அடியிலே போட வேண்டியது கறி அல்ல, காய்! உருளைக்கிழங்கும் காரட்டும் இதில் கறியைவிட மெதுவாகத்தான் வேகும். சூடு அடியிலும் பக்கத்திலும் இருப்பதால் அவைதான் கீழே. நாலைந்து உருளைக்கிழங்கு, நாலு காரட், இரண்டு தண்டு செலரி, அதன்மேல் கறி, வதக்கிய கலவை, பிரிஞ்சி இலை ஒன்று, தைம் என்கிற காய்ந்த இலை அரை ஸ்பூன், எலும்பு வேகவைத்த சாறு இரண்டு கப். அதற்கு மேல் தண்ணீர் வேண்டாம். மூடியில் படிகிற ஆவி திரும்ப உள்ளேயே சொட்டுவதால் வற்றவே வற்றாது. பானை பாதிக்குக் குறையவும் கூடாது, முக்கால்வாசியைத் தாண்டவும் கூடாது. 'லோ'வில் எட்டு மணி நேரம். அவசரமென்றால் 'ஹை'யில் நாலைந்து. 'வார்ம்' என்று ஒன்று இருக்கிறதே, அது வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டும். அதில் எதையும் வேகவைக்கக் கூடாது. பச்சைப் பட்டாணியைக் கடைசிக் கால் மணியில் போட்டால் நிறம் மாறாது.

எல்லாம் போட்டு மூடியானதும் என் கை தன்னால் மூடிக்குப் போனது. பாட்டியம்மா என் மணிக்கட்டில் லேசாக ஒரு அடி போட்டார்! ஒரு தரம் திறந்தால் போன சூடு திரும்பி வர இருபது நிமிஷம் பிடிக்குமாம். கண்ணாடி மூடி எதற்குப் போட்டிருக்கிறான், பார்ப்பதற்குத்தானே என்றார்.

அவர் போன பிறகு அந்த மூடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆச்சியின் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பின், மண்சட்டியில் இறைச்சியை மசாலா புரட்டிப் போட்டு, மூடியின் விளிம்பை மாவால் ஒட்டி, சிரட்டைக் கரித் தணலின்மேல் வைத்துவிட்டுப் படுப்பாள். காலையில் கோவிலுக்குப் போய்விட்டு வந்துதான் திறப்பாள். நடுவில் யாராவது தொட்டால் அகப்பைக் காம்பு பேசும்! ஆச்சியும் அடுப்புப் பக்கம் நிற்கவில்லைதானே? தூங்கித்தானே போனாள்? இதை நான் ஐம்பது வருஷம் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் இந்தப் பானையின் கதையைச் சொன்னார். இதைக் கண்டுபிடித்தவர் இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்க யூதர். 1940-ல் பேட்டன்ட் வாங்கினார். அவருடைய அம்மா லித்துவேனியாவிலிருந்து வந்தவள். அங்கே யூதர்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது. ஆகையால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கறியும் பயறும் போட்ட பானையை ரொட்டிக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ராத்திரி பூராவும் அணைகிற சூட்டில் அது வேகும். அம்மா சொன்ன அந்தக் கதைதான் மகனுடைய மூளையில் மின்சாரப் பானையாக முளைத்ததாம். 1971-ல் வேறொரு கம்பெனி இதற்கு 'கிராக்-பாட்' என்று பேர் வைத்து விற்கத் தொடங்கியது. பெண்கள் வேலைக்குப் போகிற காலம் அது. வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். பாட்டியம்மாவும் அப்படி வாங்கினவர்தான். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு டெலிபோன் ஆபீஸ் வேலைக்குப் போய்வந்தவராம்.

அதன்பிறகு வாரம் ஒருதரம் ஸ்டூதான். நான் சும்மா இருப்பேனா? செலரியை நிறுத்தினேன்; எனக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை. நசுக்கின இஞ்சியும் நல்லமிளகும் கூடுதலாகப் போட்டேன். பட்டை, கிராம்பை வழக்கத்தில் பாதிதான் போட வேண்டும், எட்டு மணி நேரத்தில் அவை தூக்கலாகிவிடும். தேங்காய்ப்பாலை ஆரம்பத்திலேயே ஊற்றித் திரிந்துபோன கதையும் உண்டு. கடைசி அரைமணியில் விட்டால் கச்சிதம். மாட்டிறைச்சி சாப்பிடாத சகோதரிகள் ஆட்டின் முன்னந்தொடையில் இதே முறையில் செய்யலாம். பிரஷர் குக்கரில் முக்கால் மணியில் வேகாதா என்று கேட்பீர்கள். தாராளமாக வேகும். ஆனால் அதற்கு ஆறு மணிக்கு அடுப்பண்டை நிற்க ஒரு ஆள் வேண்டுமே!

மிஞ்சினதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் மாற்றி பிரிட்ஜில் வைத்துவிடுவோம். மூன்று நாளைக்குக் கெடாது. திரும்பச் சூடுபண்ணுவது அடுப்பில்தான், இந்தப் பானையில் அல்ல. சாப்பிட்டவுடன் டீ குடிக்கிற பழக்கத்தையும் மகளிடம் நிறுத்தினேன். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். மாத்திரையை டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிக் கொடுத்தார், குமட்டல் குறைந்தது. மார்ச் கடைசியில் ஹீமோகுளோபின் 11.6. மாட்டிறைச்சியின் இரும்புச்சத்து கீரையில் உள்ளதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும் என்பது உண்மைதான். அதற்காக ஸ்டூவினால்தான் ஏறியது என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பானையை நம்பிவிடாதீர்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் மகள், "இன்னைக்கு நான் செய்றேன், நீங்க எழுந்திருக்கக் கூடாது" என்றாள். ராத்திரியே கறியையும் காயையும் தனித்தனியாக நறுக்கி பிரிட்ஜில் வைத்திருந்தாள். பானையோடு வைத்தால் சில்லிட்டுப்போய்ச் சூடேற நேரமாகும். காலை ஆறு மணிக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே கறியை வறுத்தாள். துண்டு கொஞ்சம் பெரிசு. உப்பு பார்க்கவில்லை. நான் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். "வேண்டாம்மா, நீங்க இல்லாதப்போ இப்படித்தானே" என்றாள். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அத்தனை கஷ்டமான சமையல் அதுதான்.

ஏப்ரல் முதல் வாரம் ஊர் வந்து சேர்ந்தேன். பத்து நாள் கழித்து ஒருநாள், இங்கே சாயங்காலம் ஐந்தரை மணி. அங்கே காலை ஏழு. போன் வந்தது. பிள்ளையின் அழுகை, மாப்பிள்ளை சாவியைத் தேடுகிற சத்தம், எல்லாம் கேட்டது.

"அம்மா, எல்லாம் போட்டாச்சு. மேல ஒரு உருளைக்கிழங்கு தலையை நீட்டிக்கிட்டு நிக்குது. திறந்து அமுக்கி விடட்டுமா?"

"வேண்டாம், மக்களே. மூடி இருக்கட்டும். நீ வேலைக்குக் கிளம்பு" என்றேன்.